சேத்துப்பட்டுக் கணக்கு

ஒரு நாளைக்குப் பத்து கிராம் மருந்து என்றால் சட்டென்று உறைக்காது. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று அரை கிராம். அந்தக் கணக்கில் பார்த்தால் தினமும் இருபது மாத்திரை. 1956-ல் சென்னையில் காசநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. மருத்துவர்கள் அதைச் சுருக்கி 'பாஸ்' என்பார்கள். வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும், பலருக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். அதோடு ஐசோனியசிட் என்று இன்னொரு மருந்து. அது அளவில் சிறியது, தொந்தரவும் குறைவு. இரண்டையும் ஓராண்டு முழுக்க விடாமல் சாப்பிட வேண்டும்.

சிக்கல் மருந்தின் அளவோடு முடியவில்லை. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களிலேயே காய்ச்சல் நின்றுவிடும், இருமல் அடங்கும், பசி எடுக்கும். இரண்டு மூன்று மாதத்தில் வேலைக்குப் போகலாம் போலிருக்கும். அதற்குப் பிறகு மீதமிருக்கும் ஒன்பது மாதமும், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிற ஒருவர், குமட்டுகிற மருந்தைத் தானாகவே எடுத்து விழுங்க வேண்டும். யார் செய்வார்கள்?

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் நர்ஸ் எதிரில் நின்று விழுங்க வைப்பார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் என்ன ஆகும்? சேத்துப்பட்டில் அந்த ஆண்டு தொடங்கப்பட்ட காசநோய் மருந்து சிகிச்சை மையம் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி இதுதான். அதற்குக் கிடைத்த விடை உலகின் காசநோய் வைத்தியத்தையே திருப்பிப் போட்டது என்று மருத்துவ வரலாறுகள் எழுதுகின்றன. உண்மைதான். ஆனால் அந்த விடையில் ஒரு பாதியைத்தான், அதுவும் செலவு குறைந்த பாதியைத்தான், உலகம் எடுத்துக்கொண்டது என்பது என் எண்ணம். மறுபாதியை அதே சேத்துப்பட்டு மையமும் அதன் வழிவந்தவர்களும் இன்றுவரை துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மருந்து வருவதற்கு முன்னால் காசநோய்க்கு வைத்தியம் என்றால் இடமாற்றம்தான். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். கிருமி யாரென்று தெரிந்ததே தவிர, அதைக் கொல்லும் வழி அடுத்த அறுபது ஆண்டுகளுக்குத் தெரியவில்லை. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். வசதியுள்ளவர்கள் மலைப்பக்கம் போனார்கள். அப்படிக் கட்டப்பட்டவைதான் சானடோரியங்கள். மின்சார ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த தாம்பரம் சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அதற்கு முன்பு இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் கொஞ்ச காலம் அங்கே அவர் கவனிப்பில் இருந்தார். ராமானுஜன் 1920-ல் இறந்ததும் இதே சேத்துப்பட்டில்தான். அவருக்கு வந்தது காசநோயே இல்லை, கல்லீரலில் தங்கிய அமீபாத் தொற்று என்று 1990-களில் ஒரு மருத்துவர் வாதிட்டிருக்கிறார். விடாத காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் காசநோய் என்று முடிவுகட்டிவிடுகிற காலம் அது.

சானடோரியம் யாருக்குக் கிடைத்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் குழு 1946-ல் அறிக்கை கொடுத்தது. ஜோசப் போர் தலைமையில் அமைந்ததால் அந்தப் பெயர். சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாட்டில் 25 லட்சம் பேருக்காவது முற்றிய காசநோய் இருக்கிறது, ஆண்டுக்கு 5 லட்சம் பேர் சாகிறார்கள், இத்தனை பேருக்கும் சேர்த்து இருக்கிற கட்டில்கள் சுமார் 6,000 என்றது அறிக்கை. ஆக, நானூறு பேருக்கு ஒரு கட்டில். ஓராண்டுச் சிகிச்சை என்றால் அந்த ஒரு கட்டிலும் வருஷத்துக்கு ஒருவருக்குத்தான். இந்த இடைவெளியைக் கட்டடம் கட்டி நிரப்ப எந்த நிதியமைச்சராலும் முடியாது.

இதற்கிடையே மருந்து வந்துவிட்டது. 1943-ல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரில் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. போர் முடிந்த பிரிட்டனில் அந்த மருந்து கொஞ்சம்தான் கைக்கு வந்தது. எல்லோருக்கும் கொடுக்கப் போதாது என்பதையே சாதகமாக்கிக்கொண்டு, யாருக்குக் கொடுப்பது என்பதைத் தற்செயலுக்கு விட்டார்கள். 55 பேருக்கு ஓய்வும் மருந்தும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 14 பேர். 1948-ல் வெளியான இந்த ஆய்வு இன்றும் மருத்துவப் புள்ளியியல் வகுப்புகளில் பாடம். பலரும் சொல்லாமல் விடுவது அதன் பின்கதையை. மருந்து பெற்றவர்களில் பலருக்குச் சில மாதங்களில் கிருமி மருந்துக்கு மசியாமல் போனது. ஐந்து ஆண்டுகள் கழித்து இரு குழுக்களின் சாவு எண்ணிக்கையும் நெருங்கி வந்துவிட்டது.

ஏன் மசியாமல் போனது? நுரையீரலில் காசநோய் குடைந்த ஒரு குழியில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். மரபணுவில் தற்செயலாக நேரும் பிழையால், ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று, மருந்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதைத் தாங்கும் வகையாகப் பிறந்திருக்கும். ஆக, குழியில் நூறு கிருமிகள் ஏற்கெனவே தயார். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, இந்த நூறும் பெருகி இடத்தைப் பிடிக்கும். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு மாறுகிறது. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் கிருமி லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த நுரையீரலிலும் கிடையாது. பாஸ் என்ற அந்தக் குமட்டல் மருந்து ஐசோனியசிட்டோடு ஒட்டிக்கொண்டதன் காரணம் இதுதான். கிருமியைக் கொல்வதில் அது கெட்டிக்காரன் இல்லை. ஐசோனியசிட்டைத் தாங்கித் தப்பும் அந்த நூறைப் பிடிக்க நின்ற காவல்காரன். காவல்காரனை மட்டும் வேண்டாமென்று தூக்கிப் போட்டுவிட்டு ஐசோனியசிட்டை விழுங்கும் நோயாளி தன்னையறியாமல் 1948-க்குத் திரும்பிப் போகிறார்.

ஐசோனியசிட் 1952-ல் வந்தது. மலிவு, மாத்திரையாகவே கொடுக்கலாம், வேகமாக வேலை செய்யும். மருந்தே இவ்வளவு செய்யும்போது கட்டில் எதற்கு என்ற கேள்வி மேற்கிலும் எழுந்தது. அங்கே கட்டில் இருந்தது, கேள்வி காத்திருக்கலாம். இங்கே காத்திருக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நால்வரும் சேர்ந்து சேத்துப்பட்டில் மையத்தைத் தொடங்கினார்கள். அதை நடத்த லண்டனிலிருந்து வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். ஐந்தாண்டுக் காலம் இங்கேயே இருந்தார்.

சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளிலிருந்து வந்த ஏழை நோயாளிகள் 193 பேர். சளியில் கிருமி இருப்பது உறுதியானவர்கள். பலருக்கு நோய் நன்றாக முற்றியிருந்தது. அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஓராண்டு சானடோரியத்தில். மறுபாதி தங்கள் வீட்டில். மருந்து இருவருக்கும் ஒன்றே, அளவும் ஒன்றே. சானடோரியத்தில் படுக்கை ஓய்வும் சத்தான சாப்பாடும் செவிலியர் கவனிப்பும் உண்டு. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒற்றை அறை, அதில் ஐந்தாறு பேர், இருக்கிற சோறு, முடிந்தால் வேலை. இவருக்கு வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்று மருத்துவர் இரக்கப்பட்டுக் கட்டில் கொடுக்கக் கூடாது. குலுக்கலின் கடுமை அது. அந்தக் கடுமை இல்லாவிட்டால் விடைக்கு மதிப்பில்லை.

ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அறிக்கை வந்தது. ஆறு புள்ளி வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் முதலில் அங்கேதான் நின்றேன். குழுவுக்கு நூறு பேர்கூட இல்லாத ஆய்வில் ஆறு புள்ளி என்பது ஐந்தாறு ஆட்கள். நாணயத்தைச் சுண்டினாலே அவ்வளவு ஏறி இறங்கும். சிகிச்சை தொடங்கியதிலிருந்து ஐந்து ஆண்டுகள் இரு குழுவையும் விடாமல் கவனித்தார்கள். நோய் திரும்பியதிலும் சொல்லும்படியான வேறுபாடு தென்படவில்லை.

கூடவே இரண்டு துணைக் கேள்விகள் இருந்தன. அவற்றுக்குக் கிடைத்த விடைகள்தான் அந்தக் காலத்து மருத்துவர்களை அதிகம் திடுக்கிட வைத்தன.

முதலாவது, வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றுமே என்ற பயம். நோயாளியை ஓராண்டு வீட்டோடு வைத்திருந்தால் மனைவி, பிள்ளை எல்லோரும் விழுந்துவிட மாட்டார்களா? இரு குழுவின் குடும்பத்தினரையும் ஐந்து ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சைக் குடும்பங்களில் கூடுதலாக யாருக்கும் நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது, நோய் என்னவென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த அந்த முந்தைய மாதங்களிலேயே தொற்றி முடிந்திருந்தது. மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் நோயாளியின் இருமலுக்குப் பரப்பும் வலு விரைவாகக் குறைந்துவிடுகிறது. தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கை திண்ணையில் என்று ஒதுக்கிவைத்த எத்தனையோ வீடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவேயில்லை. இன்றும் முழுதாகப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது, சாப்பாடு. வீட்டு நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதை மையத்தினர் அக்கறையாக அளந்தார்கள். கலோரி, புரதம், கொழுப்பு எல்லாவற்றிலும் சானடோரியச் சாப்பாட்டுக்கு அது கிட்டேகூட வரவில்லை. சானடோரிய நோயாளிகளுக்கு எடை நன்றாக ஏறியது, வீட்டு நோயாளிகளுக்குக் குறைவாகவே ஏறியது. ஆனால் கிருமி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஒழிந்தது. முட்டையும் பாலும் இல்லாமல் டிபி குணமாகாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததற்கு விழுந்த அடி அது. இந்த முடிவுக்கு இன்னொரு பக்கம் உண்டு. பின்னால் வருகிறேன்.

இதுவரை சொன்னது எல்லோரும் எடுத்துக்கொண்ட பாதி. இனி மற்றது.

வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை மையம் விட்டுவிடவில்லை. நோயாளி வாரந்தோறும் வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். வராவிட்டால் ஆள் தேடிப் போவார். சொல்லாமல் கொள்ளாமல் சுகாதாரப் பார்வையாளர் வீட்டுக் கதவைத் தட்டுவார். மீதமுள்ள மருந்தை எண்ணுவார். ஒரு வார மருந்தில் நான்கு நாள் போயிருந்தால் மூன்று நாளைக்கானது இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நம்பிவிட முடியாது, கொல்லையில் கொட்டியிருக்கலாம். அதனால் ஒரு சின்னக் குப்பியில் சிறுநீர் கேட்பார்.

அந்தச் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலைச் சில சொட்டு விடுவார்கள். பாஸ் மருந்து உடம்புக்குள் போயிருந்தால் உடனே செவ்வூதா நிறம் பரவும். போகாவிட்டால் கரைசலின் மங்கிய மஞ்சள்தான் நிற்கும். பள்ளி வேதியியல் கூடத்தில் செய்யக்கூடிய சோதனை, காசும் அதிகம் ஆகாது. மருந்து சில மணி நேரத்தில் வெளியேறிவிடுவதால், வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் ஏமாற்றுவது கடினம். நோயாளிகள் பொய் சொல்கிறார்கள் என்பதற்காக இதைச் செய்யவில்லை. மனிதர்கள் இப்படித்தான் என்பதை ஏற்றுக்கொண்டு செய்தார்கள். தானே மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே 'ட்யூபர்கிள்' இதழில் தனிக் கட்டுரை எழுதினார். யார் ஒழுங்காகச் சாப்பிடுவார், யார் விட்டுவிடுவார் என்பதைப் படிப்பையோ வசதியையோ வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியாது என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. மருத்துவருக்குத் தன் நோயாளியைத் தெரியும் என்ற நம்பிக்கைக்கு அது அவ்வளவு இனிமையான செய்தி இல்லை.

இதற்குப் பின்னால் ஆய்வகம் ஒன்று ஓயாமல் வேலை செய்தது. மாதந்தோறும் சளி வாங்கி, முட்டைக் கருவும் உப்பும் கலந்து உறையவைத்த பச்சை நிற ஊடகத்தில் கிருமியை வளர்க்க வேண்டும். இந்தக் கிருமி இரண்டாகப் பிரியக் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாவோ இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். ஆகவே குழாயில் வெளிறிய மஞ்சள் மணிகளாகக் கிருமிக் குவியல் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதிலும் ஒரு குழப்பம் உண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் இதன் பங்காளிகள் பலர் இருக்கிறார்கள். நுண்ணோக்கியில் அவையும் சிவப்புக் குச்சிகளாகத்தான் தெரியும். சில நேரம் அவையே நுரையீரலில் குடியேறி, பழைய தழும்புள்ள இடத்தில் காசநோய் போலவே இருமவைக்கும். காசநோய் மருந்தில் பாதிக்கு மசியாது. பிற்பாடு 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2,60,000 பேரை வைத்து நடத்திய பிசிஜி தடுப்பூசி ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தபோது, சந்தேகம் இந்தப் பங்காளிகள் மேல்தான் விழுந்தது. அந்த வட்டாரத்து மக்கள் சின்ன வயதிலேயே இவற்றோடு பழகியிருந்தார்கள். உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்ததையே ஊசி திரும்பச் சொல்லியிருக்கலாம் என்பது விளக்கம். அது தனி அத்தியாயத்துக்கான விஷயம்.

ஆக, 86 சதவீதம் என்ற எண்ணின் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். தட்டாமல் கிடைத்த இலவச மருந்து, வாரம் ஒருமுறை ஒரு முகம், எதிர்பாராத நேரத்தில் கதவு தட்டல், செவ்வூதாக் குப்பி, மாதந்தோறும் சளிப் பரிசோதனை, தப்பினால் தேடி வருகிற ஆள். கட்டில் மட்டும்தான் இல்லை. கட்டிலைச் சுற்றி இருக்க வேண்டிய எல்லாம் நோயாளியின் சந்துக்குள் நடந்து போயிற்று. அறிக்கை இதை மறைக்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது.

வாசித்தவர்களுக்கு என்னவோ கட்டில் வேண்டாம் என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பணக்கார நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு வேலைக்குப் போயின. இந்தியாவில் 1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. மாவட்டத்துக்கொரு மையம், பொது மருத்துவமனைகளிலேயே சளிப் பரிசோதனை, வீட்டிலேயே சிகிச்சை. எண்ணம் அருமையானது. சுகாதாரப் பார்வையாளருக்கும் குப்பிக்கும் வண்டிக்கும் மட்டும் பணம் ஒதுக்குவதில் கை இழுத்துக்கொண்டது. மாத்திரை தீர்ந்துபோகும், நோயாளி திரும்பிப் போவார், அடுத்த மாதம் வரமாட்டார். பழி அவர்மேல் விழும். இந்தப் பழி எவ்வளவு நியாயமற்றது என்பதற்கு 1963-லேயே சான்று இருந்தது. பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்தார்கள். நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்து பாட்டில்.

சேத்துப்பட்டு மையம் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. தினமும் விழுங்கவைப்பதுதான் கடினம் என்றால் தினமும் கொடுக்காமலே முடியுமா என்று கேட்டது. வாரத்துக்கு இரண்டே நாள், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவில் ஐசோனியசிட்டும், இரண்டும் கிளினிக்கிலேயே ஊழியர் கண் முன்னால். 1964-ல் வந்த முடிவு, வீட்டில் தினமும் சாப்பிடும் முறையைவிட இது சிறப்பு என்றது. மெதுவாகப் பெருகும் கிருமிக்கு ஒரு நல்ல அடி கொடுத்தால் அது மீண்டும் தலையெடுக்கச் சில நாள் எடுத்துக்கொள்கிறது என்பதால் இது சாத்தியமானது. ஐசோனியசிட்டை உடம்பு எவ்வளவு வேகமாகக் கரைத்துத் தள்ளுகிறது என்பது ஆளுக்கு ஆள், பரம்பரைக்குப் பரம்பரை மாறும் என்பதையும், அது இடைவெளி விட்டுக் கொடுக்கும் முறையின் பலனைப் பாதிக்கும் என்பதையும் இங்கேயே ஆராய்ந்தார்கள். கண் முன்னால் விழுங்கவைப்பது என்ற யோசனை பிற்பாடு, 1990-களில், 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகக் கொள்கையாயிற்று. அதற்குள் ரிஃபாம்பிசின் என்ற புதிய மருந்து வந்து, ஃபாக்ஸும் அவர் சகாவான டெனிஸ் மிட்சிசனும் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடத்திய ஆய்வுகளால் சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கியிருந்தது.

தான் கண்டுபிடித்ததைத் தானே திருத்தவும் அந்த மையம் தயங்கவில்லை. இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். எச்ஐவியும் காசநோயும் சேர்ந்தவர்களிடம் தினசரிச் சிகிச்சையையும் வாரம் மும்முறைச் சிகிச்சையையும் ஒப்பிட்டு அது நடத்திய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. தினசரி முறைதான் மேல். இடைவெளி விட்டால் ரிஃபாம்பிசினைத் தாங்கும் கிருமி முளைக்கிறது. இந்தியத் திட்டமும் 2017 முதல் தினசரி மாத்திரைக்கு மாறிவிட்டது. ஆனால் தினமும் யார் எதிரில் நிற்பது? மாத்திரைப் பட்டையைச் சுற்றி ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் அதன் பின்னால் மறைந்திருக்கும் எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு காசில்லா மிஸ்டு கால். '99 டாட்ஸ்' என்பார்கள். மாத்திரையைப் பிதுக்கிவிட்டு ஜன்னல் வழியே எறிந்தாலும் அழைப்பு போகும் என்பதைப் பார்க்கும்போது, ஃபெர்ரிக் குளோரைடுக் குப்பியின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். சத்தில்லாத சாப்பாட்டோடும் மருந்து கிருமியைக் கொல்லும் என்பதைத்தான் 1959 ஆய்வு காட்டியது. சாப்பாடு முக்கியமில்லை என்று அது சொல்லவில்லை. ஆனால் அறுபது ஆண்டுகள் பலரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்; மாத்திரைக்குத் திட்டம் இருந்தது, சோற்றுக்கு இல்லை. நோய் வருவதற்கு முன் வயிறு என்ன செய்கிறது, நோயாளி சாவதற்கும் அதற்கும் என்ன உறவு என்பவை அந்த ஆய்வு கேட்காத கேள்விகள். 193 பேரில் அவற்றைக் கேட்கவும் முடியாது.

அவற்றைக் கேட்டவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற இரண்டு ஆய்வாளர்கள். சென்னை நிறுவனத்தோடும் சேர்ந்து, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தினர் 10,345 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப் பை. குடும்பத்தினரில் ஒரு பாதிக்கு மட்டும், தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், கூடவே வைட்டமின் மாத்திரையும். 2023-ல் முடிவு வந்தது. அரிசியும் பருப்பும் கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரப்பக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். செங்கல்பட்டில் பெரியவர்களிடம் பிசிஜி ஊசி செய்து காட்டாத வேலையை ரேஷன் கடைச் சரக்கு செய்தது. நோயாளிகளிடமும் ஒன்று தெரிந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்குச் சாவு அபாயம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சானடோரியத்தில் ஏறிய அந்த எடை வீண் இல்லை. கிருமி ஒழிந்ததா என்று மட்டும் பார்த்த அளவுகோலில் அது பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

காசநோயில் சாகிறவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் சாகிறார்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது, ஆனால் உடம்பில் அதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. இவர்களுக்கு வீட்டுச் சிகிச்சை போதாது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு, சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து, காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானதும் ஒவ்வொருவரையும் சில எளிய அளவுகளால் தரம் பிரிக்கிறார்கள். உயரத்துக்கு எடை படுமோசமாகக் குறைந்திருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல் ஓடுகிறதா, விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜனை 94-க்குக் கீழே காட்டுகிறதா, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. தேறாதவரை மருத்துவமனையில் சேர்த்து, மருந்தோடு மருத்துவ உணவும் கொடுக்கிறார்கள். இதற்கு எக்ஸ்ரேயோ ஆய்வகமோ வேண்டியதில்லை. எடை மெஷினும் ஆக்சிமீட்டரும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரே பார்த்துவிடலாம். சேர்க்க வேண்டியவரை எவ்வளவு நாள் வைத்திருப்பது, வீட்டில் பிள்ளைகளை விட்டு வர மறுக்கும் தாயை என்ன சொல்லி அழைத்து வருவது, வீடு திரும்பியபின் அந்த உணவு யார் கணக்கில் தொடர்வது என்பவை இப்போது மாவட்டந்தோறும் பேசப்படுகிற விஷயங்கள்.